எட்டும் காலி

பௌர்ணமி அன்று காலையில் கீதாஞ்சலி கம்ப்யூட்டர் முன்னால் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். ஸ்கிரீனில் எட்டு வரிகள். எட்டிலும் ஒரே பாட்டு: 'அடையாளம் தெரியவில்லை. காலி.'

டேப் காலியாக இருப்பதில் தப்பில்லை. புது டேப் காலியாகத்தான் இருக்கும். ஆனால் அதற்குப் பெயர் இருக்க வேண்டும். மெஷினைப் பொருத்த வந்த ஆள் அன்று பட்டனைத் தட்டியதும் எட்டுக்கும் எட்டுப் பெயர் வரிசையாக வந்ததை அவள் தன் கண்ணால் பார்த்தாள். இப்போது அந்தப் பெயர்கள் எங்கே போயின? பெயர் என்ன, வெயிலில் வைத்த கற்பூரமா?

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசைத் தாண்டி, வேலூர் ரோட்டு மேலேயே இருக்கிறது டாக்டர் அருண்பிரசாத்தின் ஸ்கேன் சென்டர். கீதாஞ்சலி அங்கே ரிசப்ஷனில் டோக்கன் கொடுக்கத்தான் சேர்ந்தாள். ஒருநாள் பிரிண்டர் மக்கர் பண்ணியது. அவள் அதை அணைத்துவிட்டு மறுபடி போட்டாள், சரியாகிவிட்டது. அன்றோடு அவள் 'சிஸ்டம் மேடம்' ஆகிவிட்டாள். கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்த பெண்தானே என்று டாக்டர் சர்வர் அறைச் சாவியைத் தூக்கிக் கையில் கொடுத்துவிட்டார். கல்லூரியில் அவளுக்கு டேப் என்று ஒன்றை யாரும் காட்டியதுகூட இல்லை. அதை வெளியே சொல்ல முடியுமா?

டேப் எதற்கு என்றால், ஸ்கேன் படங்கள் இடத்தைத் தின்னும். ஒரு மண்டைக்கே நூற்றுக்கணக்கில் படம். சர்வரில் கடைசி ஒரு வருஷத்துப் படங்கள்தான் நிற்கும். பழையதெல்லாம் டேப்புக்குப் போய்விடும், சர்வரிலிருந்து அழிந்துவிடும். அப்படிப் போனது இதுவரை மூன்று டேப். மூன்றின் மேலும் கீதாஞ்சலியே மார்க்கர் பேனாவால் எழுதி வைத்திருந்தாள்: 2019–20, 2021–22, 2023–24. டேப்பைப் படிக்கிற பழைய டிரைவ் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் வாங்கிக்கொள்ளும். கையால்தான் ஊட்ட வேண்டும். கொள்ளளவு போதவில்லை என்று டாக்டர் இந்தப் புது மெஷினை வரவழைத்தார். இதன் உள்ளே எட்டு டேப் உட்காரும். ஒரு சின்ன இரும்புக் கை, கேட்ட டேப்பை எடுத்து வந்து டிரைவின் வாயில் வைக்கும். பழைய டேப்புகளையும் படிக்கும். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, பேப்பரில்.

பொருத்த வந்த ஆள் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் வந்தான். புது டேப் எட்டு, பழசு மூன்று, ஆகப் பதினொன்றின் முதுகிலும் கறுப்புக் கோடுபோட்ட வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டினான். புதுசு எட்டையும் உள்ளே தள்ளிப் பெயர்களைக் காட்டினான். பண்டிகைக்கு ஊருக்குப் போக பஸ் கிடைக்காது என்ற பதைப்பு அவனுக்கு. "மிச்சம் இருக்கிற சாஃப்ட்வேர் செட்டிங் சின்ன வேலைதான் மேடம், நீங்களே பண்ணிடலாம்" என்று சொல்லிவிட்டுப் பறந்துவிட்டான்.

அந்தச் சின்ன வேலைதான் ஐந்தாறு நாளாக அவள் உயிரை எடுத்துக்கொண்டிருந்தது. டேப்பின் கொள்ளளவு என்ன என்று சாஃப்ட்வேர் கேட்கிறது. டேப் அட்டைப்பெட்டியைப் பார்த்தால் இரண்டு எண்கள் போட்டிருக்கின்றன. ஒன்று பெரிசு, இன்னொன்று அதில் பாதிகூட இல்லை. எது நிஜம்? பெரியதைப் போட்டாள், மஞ்சள் எச்சரிக்கை வந்தது. சின்னதைப் போட்டாள், அப்போதும் மஞ்சள்தான். அப்புறம் 'டேப் ரகம்' என்று ஒரு பட்டியல். அதில் புத்தம் புது ரகத்தைத் தேர்ந்தெடுத்தாள். பக்கத்திலேயே 'வேறு ரகம் வந்தால் ஏற்காதே' என்று ஒரு கட்டம் இருந்தது. கண்டதையும் ஏற்காமல் இருப்பது நல்லதுதானே என்று அதிலும் ஒரு டிக் போட்டு வைத்தாள். எதைப் போட்டாலும் பெயர் மட்டும் திரும்பவில்லை.

அன்று காலை, சென்னையில் இருக்கும் கம்பெனிக்குப் போன் போட்டாள். ஆதவன் என்பவன் எடுத்தான். பொறுமைசாலி. ஆனால் போனின் அந்தப் பக்கம் இருக்கிற பொறுமை இந்தப் பக்கம் என்ன செய்யும்?

"நேர்ல ஒருத்தர அனுப்ப முடியாதா சார்?"

"இன்னைக்கு உங்க ஊர்ல பௌர்ணமி ஆச்சே மேடம். கிரிவலக் கூட்டத்துக்கு ஊருக்கு வெளியவே பஸ்ஸ நிறுத்திடுவாங்க. எங்க ஆளு நடந்து வந்து சேர்றதுக்குள்ள நாளைக்கு ஆயிடும். நான் போன்லயே சொல்றேன். உள்ள இருக்கிறது எட்டும் புது டேப்தானே?"

"எட்டும் புதுசுதான் சார். நானே பாத்தேன்."

"அப்போ பிரச்சினையே இல்ல. பேர் தெரியலன்னா புதுசா பேர் வெச்சிடலாம். எட்டையும் செலக்ட் பண்ணி இனிஷியலைஸ் குடுத்திடுங்க. டேப்ப முழுசா துடைச்சி, புதுப் பேரோட ரெடி பண்ணிக்கும்."

கொடுத்தாள். இரும்புக் கை சர்ரென்று நகர்ந்து வேலையைத் தொடங்கியது. ஒவ்வொன்றாகப் பச்சை விழுந்தது. கீதாஞ்சலிக்கு மூச்சு வந்தது. கடைசியில் பார்த்தால் ஐந்து பச்சை, மூன்று சிவப்பு. இரண்டாவது, ஐந்தாவது, ஏழாவது இடத்தில் இருந்த டேப்புகள் அடம்பிடித்தன. 'இந்த டேப் நீங்கள் சொன்ன ரகம் அல்ல.'

ஒரே கடை, ஒரே பெட்டி, எட்டும் ஒரே ரகம். மூன்று மட்டும் எப்படி வேறு ரகமாகும்? அவள் ஸ்கிரீனை முறைத்தாள். மறுபடி ஓட்டினாள். மறுபடியும் அதே மூன்று. மறுபடியும் ஆதவனுக்குப் போன்.

"ஓ, ரகத்த செக் பண்ணச் சொல்லி நீங்கதான் டிக் போட்டிருக்கீங்க மேடம். சில டைம் புது டேப்பக்கூட அது தப்பா எடுத்துக்கும். அந்த டிக்க எடுத்துட்டு அந்த மூணுக்கு மட்டும் திரும்பக் குடுங்க. போயிடும்."

போயிடும் என்றுதான் சொன்னான். அவன் மேல் தப்பில்லை.

அந்த நேரம் பார்த்துக் கதவைத் தட்டிக்கொண்டு எக்ஸ்ரே எடுக்கும் அறிவுமதி தலையை நீட்டினார். "பாப்பா, ஒருத்தரு பழைய ஸ்கேன் கேட்டு வந்து நிக்கிறாரு. அவசரமாம். கொஞ்சம் பாரு."

வந்தவர் பெயர் தருமன். நாற்பது வயது இருக்கும். கீழ்பென்னாத்தூர் பக்கம் மணிலா என்கிற வேர்க்கடலை பயிர் வைக்கிறவர். அவருடைய அம்மா மணியம்மாள் ஹாலில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள், முழுசாக உட்கார்ந்தால் யாராவது எழுப்பிவிடுவார்கள் என்பதுபோல.

"மேடம், எங்கம்மாவுக்கு இருவத்திரண்டுல இங்கதான் தலைக்கு ஸ்கேன் எடுத்தோம். உள்ள சின்னதா ஒரு கட்டி, நெல்லிக்கொட்டை சைசு, அது பாட்டுக்கு இருக்கட்டும்னு சொன்னாங்க. இப்ப தலைசுத்துதுன்னு வேலூர்ல காட்டினா, திரும்ப எடுத்துப் பாத்துட்டு, அன்னைக்கு எவ்ளோ இருந்துதுன்னு கேக்குறாங்க. வளரலன்னா மண்டையத் தொறக்க வேணாமாம். பழைய படம் இல்லன்னா ரிஸ்க் எடுக்க மாட்டோம், ஆபரேசன்தான்றாங்க. நாளைக்குக் காலைல போய் நிக்கணும்."

"அப்பவே ஃபிலிம் குடுத்திருப்போமே?"

தருமன் தலையைச் சொறிந்தார். "அந்த வருசம் தீபாவளிக்கு மறுநாள் சூரிய கிரகணம் வந்துது பாருங்க. தெருவே வாங்கிப் பாத்துச்சு. திரும்ப வரல."

"சி.டி.?"

"அது பளபளன்னு இருந்துது. கொல்லையில குருவி வெரட்டக் கட்டி விட்டுட்டோம்."

கீதாஞ்சலிக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. ஆனால் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் இரண்டும் அடங்கிவிட்டன. மணியம்மாள் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யம்மா, நீ நல்லா இருப்ப. என் தலைய மட்டும் தொறக்க வேணாம்னு சொல்லச் சொல்லு. எங்க ஊர்ல ஒருத்தருக்குத் தொறந்தாங்க. அதுக்கப்புறம் அவரு பெத்த புள்ளையவே யாருன்னு கேட்டுட்டாரு. எனக்கு அந்த பயம்தான், வேற ஒண்ணும் இல்ல."

"அதெல்லாம் பத்திரமா இருக்கும்மா. பீரோவுல இருக்கு. அஞ்சே நிமிஷம் உக்காருங்க" என்றாள் கீதாஞ்சலி.

அதைச் சொல்லும்போது அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இப்படி ஒருத்தர் வந்து நிற்கிற நாளுக்காகத்தானே இந்தப் பாடெல்லாம். சர்வர் அறைக்குத் திரும்பினாள். ஆதவன் சொன்ன மாதிரி டிக்கை எடுத்தாள். அந்த மூன்றையும் தேர்ந்தெடுத்து இனிஷியலைஸ் கொடுத்தாள். அது ஓடட்டும், அதற்குள் பழைய டேப்பை எடுத்து வந்துவிடலாம் என்று பக்கத்து அறையில் இருந்த பீரோவைத் திறந்தாள்.

பீரோவில் மூன்று டேப் இருந்தன. மேலே இருந்ததை எடுத்தாள். சந்தனமும் குங்குமமுமாக மங்களகரமாக இருந்தது. எழுதியிருக்க வேண்டிய பக்கத்தைத் திருப்பினாள். ஒன்றும் எழுதவில்லை.

மறு பக்கம் திருப்பினாள். அங்கேயும் இல்லை. அடுத்ததை எடுத்தாள். அதிலும் இல்லை. மூன்றாவதில் கடைக்காரன் ஒட்டிய பிளாஸ்டிக் தாளின் மிச்சம்கூட அப்படியே இருந்தது.

மார்க்கர் மை அழிந்துவிட்டதா என்றுதான் அவள் புத்தி முதலில் போனது. விரலால் தேய்த்துக்கூடப் பார்த்தாள். மூன்றும் புதுசு. புதுசு எட்டும் மெஷினில் அல்லவா இருக்கின்றன? அப்படியானால் புதுசு பதினொன்றா? எட்டும் மூன்றும் பதினொன்று. அதில் மூன்று பழசு. அந்த மூன்று இங்கே இல்லை. அவளுக்கு அந்தச் சின்னக் கூட்டல் கணக்கு ஏறவே இல்லை.

"அண்ணா!" என்று கத்தினாள். அறிவுமதி ஓடி வந்தார். "பூஜை அன்னைக்கு டேப்ப எல்லாம் யாரு உள்ள வெச்சது?"

"நான்தான். நீதானே பொரி கடலை குடுக்கப் போறேன், எடுத்து வெச்சிடுங்கன்னு எங்கிட்ட சொல்லிட்டுப் போன? எட்ட மெஷின்ல வெச்சேன், மூண பீரோவுல வெச்சேன். ஏன்?"

"எந்த மூணு?"

"எந்த மூணுன்னா? எல்லாம் ஒரே மாதிரிதானே பொட்டு வெச்சிக்கினு இருந்துது."

அவளுக்கு அப்போதுதான் பூஜை முழுசாக நினைவுக்கு வந்தது. மறுநாள் விஜயதசமி, புது மெஷின் அன்றுதான் வேலையைத் தொடங்க வேண்டும், அதனால் பூஜையில் அதற்கு ஒரு குறையும் இருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். புதுசுக்கு மட்டும் வைத்தால் பழசு மனசு நோகும் என்று மெஷினில் இருந்த எட்டையும் பீரோவில் இருந்த மூன்றையும் அவளேதான் எடுத்து வந்து, பதினொன்றையும் தாம்பாளத்தில் அடுக்கினாள். கறுப்பு பிளாஸ்டிக்கில் பொட்டு எடுப்பாகத் தெரியவில்லை. முதுகில் இருந்த வெள்ளை ஸ்டிக்கரில் பளிச்சென்று தெரிந்தது. ஒவ்வொரு ஸ்டிக்கரிலும் நடு மத்தியில் சந்தனத்தைத் தாராளமாக அப்பி, அதன் மேல் குங்குமம் வைத்தாள். அழகாக இருக்கிறது என்று டாக்டரே பாராட்டினார்.

அந்த வெள்ளை ஸ்டிக்கரின் கோடுகளைப் பார்த்துத்தான் மெஷின் பெயரைப் படிக்கிறது. கோட்டின் மேல் சந்தனத்தை அப்பினால் எதைப் படிக்கும்? ஐந்தாறு நாளாக அது குருட்டுக் கண்ணோடு 'தெரியவில்லை, தெரியவில்லை' என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது, பெயர் தெரியாததை எல்லாம் காலி என்றே கணக்கில் எழுதியிருக்கிறது. அவள் அதற்குக் கொள்ளளவைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

'நீங்கள் சொன்ன ரகம் அல்ல' என்று அடம்பிடித்த அந்த மூன்று. அவைதான் பழசு. அந்த டிக்தான் அவற்றைக் காப்பாற்றி வைத்திருந்தது. அந்த டிக்கைத்தான் சற்று முன்னால் அவள் தன் கையால் எடுத்துவிட்டு வந்தாள்.

ஓடினாள். ஸ்கிரீனில் இரண்டாவது வரி பச்சையாகியிருந்தது. ஐந்தாவது வரியில் 'ஏற்றுகிறது' என்று ஒரு சக்கரம் சுழன்றது. நிறுத்து என்று அமுக்கினாள். 'நிச்சயமாக நிறுத்த வேண்டுமா?' என்று ஒரு கட்டம் எழும்பியது. அழிக்கும்போது ஒரு வார்த்தை கேட்காத சனியன், நிறுத்தும்போது நிச்சயமா என்று கேட்கிறது! ஆம் என்றாள். 'பாதியில் நிறுத்தினால் மெஷினுக்குக் கேடு வரலாம். தொடரவா?' என்று இன்னொரு கட்டம். தொடரவா என்றால் நிறுத்துவதைத் தொடரவா, அழிப்பதைத் தொடரவா? அவளுக்குப் படித்துப் புரிந்துகொள்ள நேரமில்லை. குனிந்து பின்னால் கையை விட்டு ஒயரைப் பிடுங்கினாள்.

மெஷின் கப்சிப்பென்று அடங்கியது. கண்ணாடிக்குள் இரும்புக் கை அந்த டேப்பைப் பிடித்தபடி டிரைவின் வாய்க்கு முன்னால் அப்படியே நின்றிருந்தது. உள்ளே போகவில்லை. கீதாஞ்சலி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு அழுகை வரும்போல இருந்தது, வரவில்லை.

இரண்டு தப்பித்தன. ஒன்று போய்விட்டது. எது? இரண்டாவது இடத்தில் இருந்த டேப்பை வெளியே இழுத்தாள். எழுதிய பக்கம் கீழே இருந்தது. திருப்ப அவளுக்கு மனம் வரவில்லை. இதில் மட்டும் '2021–22' என்று இருந்தால் ஹாலில் உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாவிடம் போய் என்ன சொல்வது? மெஷினுக்குப் பூஜை போட்டு வைத்த குங்குமம்தான் உங்கள் மண்டையைத் திறக்க வைத்தது என்றா?

"திருப்பித்தான் பாரேன் பாப்பா" என்றார் பின்னால் நின்றிருந்த அறிவுமதி.

திருப்பினாள். 2019–20.

அவளுக்கு வந்தது சந்தோஷம்தான். அதை மறைப்பதற்கில்லை. அப்பாடா, இது வேறு யாரோ என்று அவள் மனசு சொன்னது. சொன்ன அடுத்த நிமிஷமே அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. இரண்டு வருஷத்து ஜனங்கள் அந்த டேப்பில் இருந்தார்கள்.

ஆதவனிடம் கேட்டாள். "துடைச்சதுக்கு அப்புறம் இந்த மெஷின் அத படிக்காது மேடம். ரெக்கவரி பண்றவங்ககிட்ட அனுப்பிப் பாக்கலாம். வரும்னு நான் சொல்ல மாட்டேன். நான் ஏன் மேடம் ஒரு தடவ டேப்ப வெளிய எடுத்துப் பாக்கச் சொல்லல?" என்றான். அவனுக்கும் மனசு உறுத்தியது. அவள் அவனைச் சமாதானப்படுத்த வேண்டியதாகிவிட்டது.

அதன் பிறகு வேலைகள் மளமளவென்று நடந்தன. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுச் சந்தனத்தைத் துடைத்தாள். காய்ந்துபோன குங்குமம் ஸ்டிக்கரில் ரோஸ் கறையாக நின்றது, ஆனால் கோடுகள் தெரிந்தன. ஒயரைச் சொருகியதும் மெஷின் நல்ல பிள்ளையாகக் கண் விழித்து, ஒவ்வொன்றின் பெயரையும் படித்துச் சொன்னது. 2021–22 டேப்பை ஏற்றினாள். மணியம்மாள் என்ற பெயரில் நான்கு பேர் வந்தார்கள். ஊரையும் வயதையும் வைத்துப் பிடித்தாள். படங்கள் ஒவ்வொன்றாக இறங்கின.

டாக்டர் அருண்பிரசாத், தருமன் கொண்டு வந்திருந்த வேலூர்ப் படத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெடுநேரம் அளந்தார். பிறகு தருமனையும் மணியம்மாளையும் உள்ளே கூப்பிட்டார்.

"அன்னைக்கு எவ்ளோ இருந்துதோ அதேதான் இருக்கு. ஒரு துளிகூட வளரல. தலைசுத்தல் வேற எதனாலயோ இருக்கும், காது பிரச்சினையாகூட இருக்கலாம். முடிவு வேலூர்லதான் சொல்லணும். ஆனா நான் பாத்த வரைக்கும் இதுக்குக் கத்தி வெக்க மாட்டாங்க. தைரியமா போங்க."

தருமன் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினார். மணியம்மாளுக்கு டாக்டர் சொன்னது உடனே ஏறவில்லை. மகனையும் டாக்டரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்போ தொறக்க வேணாமா?" என்று மூன்று தடவை கேட்டாள்.

அவர்கள் வெளியே போனதும் கீதாஞ்சலி நின்றபடியே டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பொட்டு, பீரோ, டிக், ஒயர், ஒன்றையும் விடவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"ஒவ்வொரு டேப்புக்கும் ரெண்டு காப்பி வெக்கணும்னு கம்பெனிக்காரங்க அப்பவே சொன்னாங்க. நான்தான் பாத்துக்கலாம்னு விட்டேன்" என்றார். கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, "ரெக்கவரிக்கு அனுப்பு. அது வரைக்கும் வெளிய யார்கிட்டயும் வாய தொறக்காதம்மா. அஞ்சாறு வருஷத்துப் பழசு. யாரு வந்து கேக்கப் போறாங்க? கேட்டா அப்ப பாத்துக்கலாம்."

அவள் சரி என்று தலையாட்டினாள். அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. யார் கேட்கப் போகிறார்கள்?

புது சி.டி.யை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தாள். ஜன்னலுக்கு வெளியே வேலூர் ரோட்டில் ஜனம் சாரி சாரியாக நடந்து போய்க்கொண்டிருந்தது. பஸ்ஸை எங்கேயோ நிறுத்திவிட்டிருந்தார்கள்.

"இத குருவிக்குக் கட்டிடாதீங்க" என்று தருமனிடம் நீட்டினாள். அவர் வெட்கத்தோடு சிரித்து அதைச் சட்டைக்குள் வைத்துப் பட்டன் போட்டுக்கொண்டார். மணியம்மாள் அதற்குள் இடுப்பிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். அவர்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயில் குங்குமம். வேலூருக்கு முதல் தடவை போன நாளிலிருந்து மடியிலேயே வைத்திருக்கிறாளாம்.

"கிட்ட வா கண்ணு. எங்க ஆத்தாதான் உன் ரூபத்துல வந்து நின்னுது. இன்னைக்கு மலையச் சுத்தும்போது உன் பேருக்கும் சேத்துச் சுத்துறேன்" என்று மோதிர விரலில் குங்குமத்தைத் தொட்டாள்.

கீதாஞ்சலி நெற்றியைக் காட்டிக் குனிந்தாள்.

"இன்னொண்ணு கேக்கணும். எனக்குத் தங்கச்சி ஒருத்தி இருக்கா, தங்கம்மான்னு. அவளுக்கும் என்ன மாதிரியேதான், தலைக்குள்ள. கொரோனா வர்றதுக்கு முந்தி இங்கதான் வந்து எடுத்தா. பயந்துக்கினு அதுக்கப்புறம் ஆசுபத்திரி வாசப்படியே மெரிக்கல. இப்ப அவளுக்கும் ஜாஸ்தியா தலைவலிக்குதுன்றா. எனக்கு நடந்தத சொல்லி, பழசு இருந்தா தொறக்க மாட்டாங்கடின்னு சொல்லி, அடுத்த வாரம் கையோட இட்டாந்துடுறேன். அவளோடதும் உங்கிட்ட பத்திரமா இருக்குதுல்ல?"

உள்ளே டாக்டரின் அறைக் கதவு பாதி திறந்துதான் இருந்தது. இருக்கும்மா, கூட்டிட்டு வாங்க என்று சொல்ல ஒரு நொடி போதும். அடுத்த வாரத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் ரெக்கவரியில் கிடைத்தாலும் கிடைக்கும். தேடிப் பார்க்கிறேன் என்றுகூடச் சொல்லலாம், அது பொய்யும் ஆகாது. கீதாஞ்சலிக்கு அத்தனை பதிலும் ஒரே சமயத்தில் வாய்க்கு வந்தது. காலையிலிருந்து எதைத் தொட்டாலும் எது சரி எது தப்பு என்று தெரியாமல் அலைந்தவளுக்கு இந்த ஒன்றில் மட்டும் குழப்பமே வரவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"இல்லம்மா" என்றாள். "அது இல்ல. இன்னைக்குக் காலைலதான் போச்சு. நான்தான் அழிச்சிட்டேன்."

மணியம்மாளுக்குப் புரியவில்லை. "எத அழிச்ச?"

"உங்க தங்கச்சி படத்த. தெரியாமதான் பண்ணேன். திரும்ப எடுக்க முடியுமான்னு அனுப்புறோம். வராமலும் போலாம்."

குங்குமம் தொட்ட விரல் அவள் நெற்றிக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. மணியம்மாள் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று கீதாஞ்சலி காத்திருந்தாள்.

"அப்போ அவளுக்கு நான் இன்னான்னு சொல்லி இட்டாருவேன்?" என்று கேட்டாள்.

தருமன் மெல்ல அம்மாவின் தோளைத் தொட்டார். அவள் அசையவில்லை. பதில் வரும் என்று நின்றிருந்தாள். கீதாஞ்சலியும் குனிந்த தலையை நிமிர்த்தாமல் அங்கேயே நின்றாள்.